இன்று தடுக்கப்பட்டவை

குரு என்றால் நரைத்த தாடியும் ஆற்றங்கரையும் வேண்டும் என்பவர்கள் இந்தக் கதையை இத்தோடு விட்டுவிடலாம். இதில் வரும் குருவுக்கு வயது முப்பத்து நாலு. பெயர் மைமூன். தூத்துக்குடியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, ஓயாமல் இரைகிற ஒரு ஏசிக்குக் கீழே உட்கார்ந்து, கப்பல் ஏஜென்சிகளுக்கும் உப்புக் கம்பெனிகளுக்கும் சர்வர் பார்த்துக்கொடுப்பது அவள் தொழில்.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் இன்னாசி மச்சாது. சரக்குக் கப்பல்களில் பதினைந்து வருஷம் ரேடியோ ஆபீசராக இருந்தவர். அவர் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் ரேடியோ சார்.

ஒருநாள் காலையில் மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், எனக்குச் சொந்தமா ஒரு சர்வர் வைக்கணும். சொல்லிக் குடுப்பீங்களா?"

"நான் டீச்சர் இல்ல சார்."

"சொல்லிக் குடுத்தா டீச்சர்தானே."

"சொந்தமா எதுக்கு? வாடகைக்குக் குடுக்க ஆயிரம் கம்பெனி இருக்கு. ஓசியிலகூடக் கிடைக்கும்."

"ஓசியிலதான் வச்சிருந்தேன். நாலு நாள் மூடிட்டான்."

"ஏன்?"

"விதிய மீறிட்டேனாம். என்ன விதின்னு எழுதிக் கேட்டேன். பதிலே இல்ல. நாம எழுதுறதப் படிக்க அங்க ஒரு மனுஷனும் கிடையாது டீச்சர். அந்த நாலு நாளும் கப்பல்காரங்க என்ன பாடு பட்டிருப்பாங்க?"

"எந்தக் கப்பல்?"

இன்னாசி உட்கார்ந்து சொன்னார்.

வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே, கரையிலிருந்து பதினாலு மைல் தள்ளி, ஒரு சரக்குக் கப்பல் எட்டு மாதமாக நங்கூரம் போட்டு நிற்கிறது. முதலாளி நொடித்துப்போய்க் கைகழுவிவிட்டான். உள்ளே பதினோரு பேர். அதில் ஏழு பேர் இந்தப் பக்கத்துக்காரர்கள். பாஸ்போர்ட் ஏஜென்ட் கையில். போன் எட்டாது. துறைமுகத்தை ரேடியோவில் கூப்பிட்டால் ஏஜென்டைக் கேள் என்பார்கள், ஏஜென்டைக் கூப்பிட்டால் எடுக்கமாட்டான். அவர்களிடம் இருப்பது சாட்டிலைட் வழியாகப் பேசுகிற ஒரு சின்னக் கருவி. அதில் படம் வராது, வீடியோ வராது. பெரிய கம்பெனிகளின் பக்கங்கள் பாதி திறப்பதற்குள் லைன் அறுந்துவிடும். வெறும் எழுத்து மட்டும் இருக்கிற பக்கம் என்றால் திறக்கும்.

அந்தப் பக்கத்தைத்தான் இன்னாசி வைத்திருந்தார். ஞாயிறுதோறும் கப்பல் அதில் எழுதும். இவர் படித்து, வீடுகளுக்குச் சொல்லுவார். அந்தத் துறைமுகத்தில் மாலுமிகளுக்கு உதவுகிற சங்கம் ஒன்றுக்கும் அனுப்பிவைப்பார். அங்கிருந்து படகு போகும்.

"அமலன் வாஸுன்னு சமையல்காரர் இருக்கார். சர்க்கரை. இன்சுலின் போட்டாத்தான் ஆள் நிப்பார். மருந்து ஒரு வாரத்துக்குக் கீழ வந்தா, இன்னது வேணும்னு கப்பல் எழுத்துல கேக்கணும். அப்பத்தான் சங்கம் படகு விடும். அதுக்கு இந்தப் பக்கம் ஒண்ணுதான் வழி."

மைமூன் பெஞ்சுக்கு அடியிலிருந்து, திரை உடைந்த ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"திரை எதுக்கு? சர்வருக்கு முகம் வேண்டாம். கொண்டுபோங்க."

அந்த லேப்டாப் இன்னாசி வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. இன்வெர்ட்டரிலிருந்து தனி ஒயர். அதன் பக்கத்தில் விசிறி. கரண்ட் போனாலும் ஓடுகிறதா என்று அவரே மெயினை அணைத்து அணைத்துப் பார்த்தார். வீட்டில் திட்டு விழுந்தது.

முதல் மாதம் மைமூன் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தாள். யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், எந்தக் கதவைத் தொட்டார்கள் என்று சர்வர் தானாகவே வரி வரியாக எழுதிவைக்கும். அதற்கு லாக் என்று பெயர்.

"தினமும் காலையில லாக்கப் படிங்க."

"எவ்வளவு?"

"முழுசும்."

"கப்பல்லயும் எங்களுக்கு லாக் உண்டு டீச்சர். ரேடியோ லாக். அது நாங்க எழுதுறது. இது அதுவா எழுதுது."

"அதுவா எழுதும். அதுவா படிக்காது."

இன்னாசி சிரித்தார். படிக்கவும் செய்தார். காலைக் காப்பியோடு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செய்தித்தாள் படிக்கிறவர் தோரணையில் லாக் படித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல் வந்தது. எப்போதும் ஒரே மாதிரிதான் எழுதும். தண்ணீர் இத்தனை டன். அரிசி இத்தனை மூட்டை. டீசல் இத்தனை நாளைக்கு. இன்சுலின் இத்தனை நாளைக்கு. ஆள் பதினொன்று.

மருந்து இரண்டு முறை தீரப்போயிற்று. இரண்டு முறையும் கப்பல் எழுதியது, இவர் அனுப்பினார், மூன்றாம் நாள் படகு போய்ச் சேர்ந்தது. அமலனின் மனைவி ரெக்ஸலின் தான் வேலை செய்கிற பேக்கரியிலிருந்து ஒரு பொட்டலம் மக்ரூன் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னாசி அதில் பாதியை மைமூனுக்குக் கொண்டுவந்தார்.

மூன்றாம் மாதம் பயந்துபோய் வந்தார்.

"டீச்சர், எவனோ கதவ இடிக்கான். ஒரே நாள்ல நாலாயிரம் தடவ."

"எவனும் இல்ல சார். எந்திரம். உலகத்துல எந்த மூலையில ஒரு சர்வர் முளைச்சாலும் அன்னைக்கே வந்து தட்டிப் பாக்கும். பூட்டாத வீடு எங்கயாவது சிக்குமான்னு அதுக்குக் கணக்கு."

"நுழைஞ்சிருச்சுன்னா?"

"எழுதினதெல்லாம் போகும்."

"அப்ப பூட்டணும்."

"பூட்டலாம்" என்றாள் மைமூன். "அஞ்சு தடவ பாஸ்வேர்டு தப்பாப் போட்டா, அது வர்ற முகவரிய ஒரு மணி நேரம் வெளிய நிப்பாட்டும். திரும்ப வந்து தப்பாப் போட்டா ஒரு நாள். மூணாந்தடவையும் போட்டா, அப்புறம் என்னைக்கும் கிடையாது."

"அதான் வேணும்."

"பூட்டு வச்சப்புறம்தான் நல்லாப் படிக்கணும் சார். கப்பல்ல நீங்க எப்படிக் கேப்பீங்க?"

இன்னாசிக்கு முகம் மலர்ந்தது. "மணிக்கு ரெண்டு தடவ, மூணு மூணு நிமிஷம், கடல்ல இருக்கிற எல்லாக் கப்பலும் வாய மூடணும். எவனும் எதுவும் அனுப்பக் கூடாது. எங்கயோ ஒருத்தன் பேட்டரி செத்துப்போய் முனகுவான்லா, அது காதுல விழணும்ல. அந்த மூணு நிமிஷம் நான் மூச்சுகூட விடமாட்டேன்."

"அப்படிப் படிங்க" என்றாள் மைமூன்.

பத்து நாள் அப்படித்தான் படித்தார். பதினோராவது நாள் அவருக்குச் சலித்துவிட்டது. சலிக்காமல் எப்படி இருக்கும்? நாலாயிரம் வரியும் ஒரே வரி. எவனோ ஒருவன் 'அட்மின்' என்று வருகிறான், கதவு திறக்கவில்லை, போகிறான். இதை மூக்குக்கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டுமா?

இன்னாசி கெட்டிக்காரர். மொத்த லாக்கையும் கூட்டிப் பெருக்கி, காலை ஆறு மணிக்கு அவர் போனுக்கு ஒரே ஒரு வரி அனுப்புகிற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதினார்.

இன்று தடுக்கப்பட்டவை: 4,312.

அதை மாடி ஏறி வந்து மைமூனிடம் காட்டினார். அறுபத்தொரு வயதில் தானாக எழுதிய முதல் நிரல். மைமூன் அப்போது ஒரு ஏஜென்சிக்காரனோடு போனில் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லாருக்கு சார்" என்றாள்.

இன்னாசி அன்றைக்கு இறங்கிப் போனபோது படிக்கட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் லாக்கைத் திறக்கவில்லை. எண் நாலாயிரத்துக்குக் கீழே போனால் சப்பென்று இருக்கும். ஐயாயிரத்தைத் தாண்டினால் தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார்.

பூட்டின் ருசி கண்டவருக்கு ஒரு பூட்டு போதவில்லை. கப்பலில் பதினோரு பேரும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தார்கள். ஆரம்பத்திலிருந்து அதே பாஸ்வேர்டு. இது தப்பு என்று எங்கோ படித்தார். இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை பக்கத்தின் உள்ளே ஒரு அறிவிப்பு போட்டார். 'வரும் ஒன்றாம் தேதி முதல் பாஸ்வேர்டு மாறுகிறது. புதியது இது.' கப்பல் ஞாயிற்றுக்கிழமை வரும், படிக்கும், குறித்துக்கொள்ளும். ஒரு வாரம் அவகாசம். நியாயமாகத்தான் செய்தார்.

முப்பத்தொன்றாம் தேதி ஞாயிறு. கப்பல் வரவில்லை.

டீசல் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்தார். முன்பும் ஒரு வாரம் அப்படி வராமல் இருந்திருக்கிறார்கள். ஒன்றாம் தேதி பாஸ்வேர்டு, சொன்னது சொன்னபடி, மாறியது.

ஏழாம் தேதி ஞாயிறு. அன்றும் வரவில்லை. பூசை முடிந்து ரெக்ஸலின் நேராக இவர் வீட்டுக்கு வந்தாள்.

"சார், அவுக எழுதலையா?"

"இல்லம்மா."

"ரெண்டு ஞாயித்துக்கெழம ஆச்சு சார்."

"டீசல் இல்லாம இருக்கும். சர்வர் நல்லாத்தான் ஓடுது. எழுதினா உடனே வந்திரும்."

"இருவத்தி நாலாந்தேதி, ஊசி பன்னண்டு நாளைக்குன்னு எழுதியிருந்தாக. இன்னையோட பதினாலு நாள் ஆச்சு."

இன்னாசி குளிர்சாதனப் பெட்டியின் மேலே பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஒருவேள வேற எங்கனயாவது மருந்து கெடச்சிருக்குமா சார்?"

"இருக்கும்மா. இல்லன்னா எழுதியிருப்பாங்கல்லா?"

மறுநாள் சங்கத்துக்கு போன் போட்டார். கப்பலிலிருந்து எழுத்தில் வரட்டும், படகு தயாராக இருக்கிறது என்றார்கள்.

ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை மாடி ஏறினார்.

"டீச்சர், சர்வர் ஒரு நிமிஷம்கூட நிக்கல. பக்கம் திறக்கு. எல்லாம் சரியா இருக்கு. ஆனா அவங்க எழுத மாட்டேங்காங்க. ஏன்?"

மைமூன் திரும்பிப் பார்த்தாள். "லாக் படிச்சீங்களா?"

"தினமும் பாக்கேன்." போனை நீட்டினார். இன்று தடுக்கப்பட்டவை: 4,586.

"இது எண்ணிக்கை. லாக் எங்க?"

மைமூன் தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதை அவருக்குத் தள்ளினாள். அவருடைய சர்வரைத் திரையில் திறந்தாள்.

"ஒண்ணாந்தேதியிலேருந்து படிங்க. சத்தமா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

ஒரு சர்வருக்குள் நுழையக் கதவில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று பெயருக்கு, ஒன்று பாஸ்வேர்டுக்கு. பாஸ்வேர்டு கட்டத்தில் அடித்ததை லாக் எழுதாது. பெயர்க் கட்டத்தில் என்ன அடித்தாலும் எழுதிக்கொள்ளும்.

"அட்மின்" என்று படித்தார் இன்னாசி. "அட்மின். ரூட். அட்மின். டெஸ்ட். கெஸ்ட். அட்மின்."

மைமூன் வேறு வேலை பார்த்தாள். போன் வந்தது, பேசினாள். கீழே சைக்கிள் கடையில் யாரோ ட்யூபுக்குக் காற்று அடித்தார்கள். இன்னாசி படித்துக்கொண்டே இருந்தார். ஒன்றாம் தேதி முடிந்தது. இரண்டாம் தேதி முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் கேட்டார், கொடுத்தாள்.

"ரூட். அட்மின். அட்மின். கடல்பதினொன்று."

நிறுத்தினார்.

"படிங்க" என்றாள் மைமூன்.

"கடல்பதினொன்று. கடல்பதினொன்று. கடல்பதினொன்று. கடல்பதினொன்று." அவர் குரல் இறங்கியது. "இது கப்பல் டீச்சர். இதுதான் கப்பலோட பேரு."

"எத்தனாந்தேதி?"

"மூணு. மதியம் மூணு பத்து."

"அஞ்சு தடவ. ஒரு மணி நேரம் வெளிய நிப்பாட்டியாச்சு. மேல படிங்க."

அவர் படித்தார். அட்மின்களுக்கும் டெஸ்ட்களுக்கும் இடையே, ஒரு மணி நேரமும் ஏழு நிமிஷமும் கழித்து, கப்பல் மறுபடி வந்திருந்தது. கடல்பதினொன்று. பிறகு அதையே ஆங்கிலப் பெரிய எழுத்தில். பிறகு நடுவில் இடம் விட்டு. எப்படியாவது பொருந்தாதா என்று திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நாலாவது வரியில் பெயர் மாறியிருந்தது.

"ரேடியோ சார்" என்று படித்தார் இன்னாசி.

ஐந்தாவது வரி: "ரேடியோ சார் கதவு திறக்கல."

மைமூன் வந்து அவர் பின்னால் நின்றாள்.

அவர்களுக்கு எழுத வேறு இடம் இல்லை. இருந்தது ஒரே ஒரு கட்டம். பெயர் கேட்கிற கட்டம். அதில் எழுதினால் யாராவது படிப்பார்களா என்று அவர்களுக்குத் தெரியாது. இருந்தும் எழுதியிருக்கிறார்கள்.

"ஒரு நாள் வெளிய" என்றாள் மைமூன் மெதுவாக. "நாலாந்தேதி மூணு மணிக்கு வந்தாலும் ஒரு நாள் முடிஞ்சிருக்காது. அடுத்தது அஞ்சாந்தேதி இருக்கும். பாருங்க."

ஐந்தாம் தேதி, மூன்று மணி பன்னிரண்டு நிமிஷம். இன்னாசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் படிக்கவில்லை. மைமூன்தான் படித்தாள்.

"சார் நாங்கதான் பழைய பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்கு."

"ஊசி இன்னைக்கோட தீருது படகு அனுப்பச் சொல்லுங்க."

"நான் அமலன் ரெக்ஸலின்ட்ட நல்லாருக்கேன்னு சொல்லுங்க."

"சார் யாராவது இருக்கீங்களா."

அதன் கீழே ஒரு வார்த்தை. "சார்."

அதற்கும் கீழே அட்மின், அட்மின், ரூட்.

"அப்புறம்?" என்றார் இன்னாசி.

"அப்புறம் எழுத்து கிடையாது சார். மூணாந்தடவைக்கு மேல கதவு வரைக்கும்கூட விடாது. தெருவுலயே நிப்பாட்டிரும். எத்தனை தடவ வந்தாங்கன்னு எண்ணிக்கை மட்டும் இருக்கும்."

ஏதோ தட்டிப் பார்த்தாள்.

"முந்நூத்திப் பதினெட்டு."

இன்னாசி நாற்காலியிலிருந்து எழுந்தார். அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், கடைசியில் பக்கத்தில் நின்றவள்மேல் விழுந்தது.

"நீங்க சொல்லிக் குடுத்த பூட்டுதானே இது?"

"ஆமா."

"நான் எழுதினதக் காட்டினேன். நல்லாருக்குன்னீங்க."

"சொன்னேன். பாக்காமத்தான் சொன்னேன். அத நான் சுமந்துக்கிடுதேன் சார். முதல்ல பூட்டத் திறங்க."

திறந்தார். பழைய பாஸ்வேர்டைத் திரும்ப வைத்தார். அவர் விரல் மூன்று முறை தப்பாக அடித்தது. மைமூன் ஐந்தாம் தேதி வரிகளை அப்படியே எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பி, போனும் போட்டாள். அங்கே இருந்தவர் படித்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதோ படகு கிளம்புகிறது என்றார்.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. கப்பல்காரர்கள் ஜெனரேட்டர் போடுவது மதியம் மூன்று மணிக்கு. அதுவரைக்கும் காத்திருக்க வேண்டும்.

இன்னாசி திரையைப் பார்த்தபடி இருந்தார். மைமூன் வாங்கிவைத்த புரோட்டா பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது.

"நாலாயிரம் வரி டீச்சர்" என்றார் திடீரென்று. "தினமும் நாலாயிரம். எது எந்திரம், எது மனுஷன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

"எந்திரம் உங்கள சார்னு கூப்பிடாது."

அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று மணி ஒன்பது நிமிஷத்துக்கு லாக்கில் ஒரு வரி வந்தது. கடல்பதினொன்று. உள்ளே வந்துவிட்டார்கள். இருவரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். மூன்று பதினெட்டுக்குக் கடிதம் வந்தது.

தண்ணீர் மூன்று டன். அரிசி ஒன்றரை மூட்டை. டீசல் நாலு நாளைக்கு. ஆள் பத்து.

கீழே இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தார்கள். 'அமலன் நேற்று சாயங்காலம் போய்விட்டார். கூப்பிட்டுப் பார்த்தோம், நினைவு இல்லை. குளிர் அறையில் வைத்திருக்கிறோம், டீசல் இருக்கிறவரைக்கும்தான் தாங்கும். ஒரு வாரமாக உங்களுக்கு எழுதப் பார்த்தோம். சர்வர் பழுது போல. சரிபண்ணிக் கொடுத்ததுக்கு நன்றி சார்.'

இன்னாசி அதை ஒருமுறைதான் படித்தார். கடைசி வரியில் அவர் முகம் கோணியது. ஒரு மனிதனுக்கு இதைவிடக் கேடான நன்றி வேண்டியதில்லை.

"நேத்து" என்றார். "நேத்துக் காலையில வந்து கேட்டிருந்தா?"

மைமூன் கடிதத்தைத் திரும்ப ஒருமுறை படித்தாள்.

"மூடிருதேன் டீச்சர். வீட்டுக்குப் போய் ஒயரப் பிடுங்கிருதேன். எனக்கு இது வேண்டாம். எனக்கு லாயக்கில்ல."

"ஆள் பத்துன்னு எழுதியிருக்காங்க."

"என்ன?"

"பத்துப் பேரு அங்க உக்காந்து, பதில் வருதான்னு பாத்துக்கிட்டிருக்காங்க. லைன் இன்னும் கால் மணி நேரம் நிக்கும். எழுதுங்க."

இன்னாசி எழுதினார். என்ன எழுதினார் என்று மைமூன் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் போய்விட்டாள். ஏதோ நீளமாக எழுதி, அழித்து, இரண்டு வரியில் அனுப்பினார். படகு வருகிறது என்பது ஒரு வரி. இன்னொன்றை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஜன்னலிலிருந்து மைமூன் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், ரெக்ஸலின் வாராங்க."

கப்பல் துறைமுகத்துக்கு ரேடியோவில் சாவைச் சொல்லி, அங்கிருந்து தெரிந்து ஏஜென்ட் போன் செய்திருப்பான் போலிருக்கிறது. இத்தனை மாதம் எடுக்காத போனை இதற்கு மட்டும் எடுத்திருக்கிறான். பேக்கரியில் கட்டுகிற துணித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வெயிலில் ஓடி வந்தாள். கூட யாரும் இல்லை. சைக்கிள் கடைக்காரரிடம் ஏதோ கேட்டாள். அவர் மாடியைக் கை காட்டினார்.

இன்னாசி எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், அவ கேப்பா. அவுக எழுதலையான்னு கேப்பா. நான் என்ன சொல்ல? சர்வர் பழுதுன்னு அவங்களே எழுதிட்டாங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமா?"

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மைமூன் திரையை வாசல் பக்கமாகத் திருப்பி, ஐந்தாம் தேதியைத் திறந்து வைத்தாள்.

"எழுதினார்னு சொல்லுங்க. எங்க எழுதினார்னு கேப்பாங்க. அதையும் சொல்லுங்க."